அலுமாரியில் கிடந்த ரவை: வைத்திருக்கலாமா, எறியலாமா, கொடுக்கலாமா?

கொழும்பில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. ஒரே குடும்பம் இரண்டு மூன்று தலைமுறை இருந்த வீட்டைக் காலி செய்யும்போது, செல்லாத கடவுச்சீட்டு, முத்திரை அல்பம், துருப்பிடித்த தகரப்பெட்டி எல்லாவற்றுக்கும் நடுவில் சில வேளை ஒரு துப்பாக்கி ரவையும் உருண்டு வரும். மலையகத் தோட்டத்தில் வேலை பார்த்த தாத்தாவுடையதாக இருக்கலாம். பள்ளிக்கூட கடெற் படையில் இருந்த மாமாவின் சட்டைப்பையில் வந்து சேர்ந்ததாக இருக்கலாம். சண்டை முடிந்தபின் வடக்குக்குப் போய்வந்த யாராவது 'ஞாபகத்துக்கு' என்று பொறுக்கி வந்ததாகவும் இருக்கலாம்.

உடனே குடும்ப வட்ஸ்அப்பில் படம் போகும். லண்டன் சித்தப்பா எழுதுவார்: "அது டம்டம் ரவை. ஜெனீவாவில தடை செய்தது. வச்சிருந்தாலே சர்வதேசக் குற்றம்." டொரொன்டோ மச்சான்: "எத்தனை வருசத்துப் பழசு, எப்பவோ செத்திருக்கும். கடல்ல எறிஞ்சு விடுங்கோ." கீழ்வீட்டு அங்கிள் நேரிலேயே வந்து பார்த்துவிட்டு, "நல்ல பித்தளை தம்பி, விலை போகும்" என்பார். அம்மா மட்டும், "பொலிஸுக்கு மட்டும் போயிடாதேங்கோ" என்பார்.

சித்தப்பா, மச்சான், அங்கிள் மூவரும் சொல்வது பிழை. அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் முடிவு பிழை. என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு சட்டத்தரணியோடு பேசிவிட்டு, அவர் மூலமாகவோ அவரோடு சேர்ந்தோ பொலிஸிடம் ஒப்படைப்பதுதான் சரி. மற்ற வழிகள் ஏன் கவர்ச்சியாகத் தெரிகின்றன என்பதைப் பார்த்தால், ஒவ்வொன்றின் அடியிலும் ரவையைப் பற்றி நம்மிடையே உலவும் ஒரு கதை இருக்கிறது.

வைத்திருப்பது

முதல் கதை, 'பழையது, வேலை செய்யாது'. பாலுக்கும் மருந்துக்கும் போல ரவைக்குக் காலாவதித் திகதி கிடையாது. வாய்ப்பக்கம் சன்னம் (சுட்டால் பறந்து போகும் முனைப்பகுதி) இறுக்கமாகப் பொருந்தி, அடியில் பிரைமர் (தட்டினால் வெடித்து உள்ளே இருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) நன்றாக அடைபட்டிருந்தால், ஈரமில்லாத அலுமாரியில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து .303 ரவைகள் இன்றும் வெடிக்கின்றன. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய காலத்தில் இலங்கையில் இருந்த பிரித்தானியப் படைகளின் ரவை அதுதான். சுதந்திரத்துக்குப் பிறகும் நம் இராணுவம் அதே .303 துப்பாக்கியைத்தான் வைத்திருந்தது. பழமையால் ரவை பாதுகாப்பானதாகிவிடாது. எப்போது, எப்படி வெடிக்கும் என்று கணிக்க முடியாததாகத்தான் ஆகிறது.

இரண்டாவது கதையில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் படித்தவர்கள்தான் அதை அதிகம் சொல்கிறார்கள். சில வகை ரவைகள் சர்வதேச அளவில் தடை, மற்றவை பரவாயில்லை. நம்மிடம் இருப்பது தடை செய்யப்படாத வகை என்றால் கவலையில்லை என்பது அந்த எண்ணம். சித்தப்பாவின் ஜெனீவாவும் இதற்குள்தான் வருகிறது.

ஜெனீவாவில் 1949 இல் எழுதப்பட்ட நான்கு சாசனங்கள் காயப்பட்ட படையினர், கடலில் விபத்துக்குள்ளானவர்கள், போர்க்கைதிகள், பொதுமக்கள் ஆகியோரைப் பாதுகாப்பவை. சன்னம் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று அவற்றில் ஒரு வரி கூட இல்லை. இலங்கை அவற்றை 1959 இல் ஏற்றது. உள்நாட்டுச் சட்டமாக்கியது 2006 இன் 4 ஆம் இலக்கச் சட்டத்தால். சித்தப்பா தேடும் தடை இருப்பது ஹேக் நகரத்தில். 1899 ஜூலை 29 ஆம் திகதி அங்கே கையெழுத்தான பிரகடனம், மனித உடலுக்குள் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் சன்னங்களைப் பயன்படுத்துவதில்லை என்று நாடுகளைக் கட்டுப்படுத்தியது. அதுவும் ஒப்பமிட்ட நாடுகள் தமக்குள் போர் செய்யும்போது மட்டும். அமெரிக்கா அதில் சேரவே இல்லை. பிரித்தானியா 1907 இல்தான் சேர்ந்தது.

பிரித்தானியா தயங்கியதற்குக் காரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. டம்டம் என்பது கல்கத்தாவுக்கு அருகில் உள்ள ஊர். அங்கிருந்த ஆயுதத் தொழிற்சாலையில் கப்டன் பேர்ட்டி-கிளே என்பவர் 1890களில், உலோக உறையின் முனையைத் திறந்துவிட்டு ஈயம் வெளியே தெரியும்படி சன்னம் செய்தார். இந்திய வடமேற்கு எல்லையில் பட்டாணியர்கள் சாதாரண .303 சன்னம் பட்டும் ஓடிவருகிறார்கள் என்பது படைத்தரப்பின் முறைப்பாடு. அதே வழியில் இங்கிலாந்தின் வூலிச்சில் செய்த குழிமுனைச் சன்னம் 1898 இல் சூடானின் ஒம்துர்மானில் பயன்பட்டது. ஹேக் மாநாட்டில் பிரித்தானியத் தரப்பில் பேசிய சேர் ஜோன் ஆர்டாவின் வாதத்தைச் சுருக்கினால் இதுதான்: நாகரிக நாட்டுப் படைவீரன் காயம்பட்டால் ஒதுங்கிவிடுவான், 'காட்டுமிராண்டி' ஒதுங்கமாட்டான், ஆகவே அவனுக்கு வேறு சன்னம் வேண்டும். வங்காளத்து மண்ணில் செய்து ஆசிய, ஆபிரிக்க உடல்களில் சோதித்த ஒரு பொருளை இன்று நாமே 'டம்டம்' என்று எந்த ரவைக்கும் அலட்சியமாகப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறோம். உங்கள் அலுமாரியில் இருப்பது முழு உறையிட்ட கூர்முனைச் சன்னம் என்றால் அது டம்டம் அல்ல.

அதற்காக அது மென்மையானதும் அல்ல. 1910 இல் வந்த .303 மார்க் ஏழு சன்னத்தின் எடை ஏறக்குறைய 11.3 கிராம். உறை முழுமையாக மூடியிருக்கும், விரியாது, ஹேக் பிரகடனத்தின் எழுத்தை மீறவில்லை. ஆனால் முனைக்குள் ஈயத்துக்குப் பதிலாக அலுமினியத் துண்டோ மரக்கூழோ வைத்திருப்பார்கள். முன்பக்கம் இலகு, பின்பக்கம் பாரம். காற்றில் சுழன்று நேராகப் போகும் அது, சதைக்குள் போனதும் தலைகீழாகப் புரளும். சட்டம் விரிவதைத் தடுத்தது. புரள்வதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இங்கேதான் இன்னொரு கதையும் உடைகிறது. 'எம்16 ரவை சிறியது, அது கொல்வதற்கல்ல, காயப்படுத்துவதற்கு; ஒருவன் விழுந்தால் இரண்டு பேர் தூக்கிப் போவார்கள், மூன்று பேர் குறைவார்கள்.' இதை நான் தேநீர்க்கடையிலும் கேட்டிருக்கிறேன், ஓய்வுபெற்ற அதிகாரிகள் வாயாலும் கேட்டிருக்கிறேன். எம்16 துப்பாக்கி சுடும் இந்த 5.56 மி.மீ. ரவையை அமெரிக்கர்கள் எடுத்ததற்கான காரணங்கள் சாதாரணமானவை: இலகு, பின்னுதைப்புக் குறைவு, தட்டையான பாதை. ஒரு 5.56 ரவை ஏறக்குறைய 12 கிராம், முந்திய 7.62 நேட்டோ ரவை அதைப்போல இரண்டு மடங்கு. அதே பாரத்தில் இரட்டிப்பு ரவைகளைச் சுமக்கலாம் என்றால் எந்தப் படைதான் வேண்டாமென்று சொல்லும்? காயங்களை ஆராய்ந்த அமெரிக்க இராணுவச் சத்திரசிகிச்சை நிபுணர் மார்ட்டின் ஃபேக்லர் காட்டியது, அந்தச் சிறு சன்னம் கிட்டத்திலிருந்து பட்டால் உடலுக்குள் புரண்டு நடுவில் உடைந்து சிதறுகிறது என்பதை. சோவியத் வகை 7.62 ஏ.கே. சன்னமோ இரும்பு உள்ளீட்டுடன் உடலுக்குள் இருபது சென்ரிமீற்றருக்கு மேல் நேராகப் போய்த்தான் புரளத் தொடங்குகிறது என்றும் அவர் அளந்தார். பெரியது என்றால் பயங்கரம், சிறியது என்றால் கருணை என்று கணக்குப் போட இடமே இல்லை. சன்னம் காற்றிலேயே குட்டிக்கரணம் போட்டு வரும் என்பதும் கட்டுக்கதைதான். அப்படி வந்தால் குறியில் படாது.

அரை அங்குல ரவையை மனிதர்மேல் சுடக்கூடாது, பெல்ட்டைக் குறிபார்த்தேன் என்று சொல்லித் தப்பலாம் என்பது அமெரிக்கப் படைமுகாம் வதந்தி. அப்படியொரு ஒப்பந்தம் இல்லை. உண்மையாக இருப்பது 1868 இன் சென் பீற்றர்ஸ்பேர்க் பிரகடனம்: 400 கிராமுக்குக் குறைந்த, வெடிக்கும் அல்லது எரியும் எறிபொருட்களைக் கைவிடச் சொன்னது. அதை முன்மொழிந்ததே, அப்படியொரு சன்னத்தைத் தானே கண்டுபிடித்து வைத்திருந்த ரஷ்யா.

சரி, இவ்வளவும் உங்கள் அலுமாரிக்கு என்ன சம்பந்தம்? எதுவுமில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஹேக், சென் பீற்றர்ஸ்பேர்க், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த 1998 இன் ரோம் சாசனம் (இலங்கை அதில் சேரவில்லை) எல்லாம் போரில் யார் எதைச் சுடலாம் என்று பேசுபவை. சில நாடுகளில் பொலிஸார் குழிமுனைச் சன்னம் பயன்படுத்துவதும் இதனால்தான்: ஊருக்குள் குற்றவாளியைப் பிடிப்பது போர் அல்ல, உடலைத் துளைத்துப் போய்ப் பின்னால் நிற்பவர்மேல் படாத சன்னம் அவர்களுக்கு வேண்டும். கொழும்பில் உங்கள் கதவைத் தட்டக்கூடிய சட்டங்கள் வேறு. 1916 இன் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம், 1956 இன் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம், நிலைமை மோசமானால் 1979 இன் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். சுடுகலன்கள் சட்டத்தை 1996 இல் திருத்தியபோது தானியங்கித் துப்பாக்கிகள் தொடர்பான குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் அனுமதியின்றி ரவைகள் சேகரிப்பதையும் தன் குற்றங்களுக்குள் வைத்திருக்கிறது. இவற்றின் கேள்வி சன்னம் விரியுமா, புரளுமா என்பதல்ல. உங்களிடம் ஏன் இருக்கிறது, யார் அனுமதி தந்தார் என்பதுதான். 'ஒன்றுதானே', 'ஞாபகத்துக்குத்தானே' என்பதை நீதவான் கேட்கலாம், தேடுதலுக்கு வந்தவர் கேட்கமாட்டார்.

ஆகவே வைத்திருப்பது எல்லாவற்றிலும் சுலபமாகத் தெரிந்தாலும் நாளாக நாளாகப் பாரமாகும் வழி. தாத்தா இருந்தவரை கதை சொல்ல ஆள் இருந்தது. பேரப்பிள்ளை காலத்தில் ரவை மட்டும்தான் மிஞ்சும். சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனையும் வெளிநாட்டுப் பிள்ளைகளிடமிருந்து வரும். கட்டுநாயக்காவில் மட்டுமல்ல, எந்த விமான நிலையத்தின் எக்ஸ்ரே திரையிலும் அது ரவையாகத்தான் தெரியும்.

கடல், கால்வாய், குப்பை

கண்ணுக்குத் தெரியாமல் போனால் முடிந்தது என்ற ஆசையில் வரும் வழி. காலிமுகத்திடலில் மாலையில் நின்று கையை வீசினால் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் வெடிமருந்தை அடக்கிய பித்தளைக் கோது உப்புத் தண்ணீரில் அவ்வளவு சீக்கிரம் கரையாது, அலை கரைக்கே திருப்பித் தரவும் கூடும். வெள்ளவத்தைக் கால்வாயில் போட்டால், தூர்வாரும் நாளில் அது மேலே வரும். பிறகு பொலிஸ் வரும், கரையோர வீடுகளில் விசாரணை நடக்கும். யாரோ ஒரு ஏழை வீட்டுப் பையன் பதில் சொல்லிக்கொண்டிருப்பான்.

குப்பை இன்னும் மோசம். கொழும்புக் குப்பையில் ஒரு பகுதி 2021 முதல் கெரவலப்பிட்டியில் எரிக்கப்பட்டு மின்சாரமாகிறது. நெருப்புக்குள் ரவை போனால் துப்பாக்கியில் சுட்டதுபோல் சன்னம் பறந்து ஆளைக் கொல்லும் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அந்த வேகம் துப்பாக்கியின் அறைக்குள்ளும் குழாய்க்குள்ளும் வாயு அடைபட்டால்தான் வரும். வெளியில் சூடானால் கோது கிழிந்து, பித்தளைத் துண்டுகளும் பிரைமரும்தான் தெறிக்கும். பாரமான சன்னம் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே கிடக்கும். ஆனால் தெறிக்கும் துண்டு ஒரு கண்ணைப் பறிக்கப் போதும். அதற்கு முன்னால் அந்தப் பையைக் கையால் தரம் பிரிக்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதையும் நினைக்க வேண்டும்.

பித்தளைக்கு விற்பது

இதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஒரு ரவைப் பித்தளையின் விலைக்கு ஒரு பிளேன்டீ வாங்க முடியுமோ தெரியாது. வாங்குகிறவர் அதை உருக்கும் இடத்துக்கு அனுப்புவார். பிடிபட்டால் யாரிடம் வாங்கினேன் என்று முதல் நிமிடத்திலேயே சொல்வார். சீன ரி-56 துப்பாக்கியின் ரவைகளில் பல செப்புப் பூசிய இரும்புக் கோதுகள், காந்தம் ஒட்டும். அங்கிளின் பித்தளை அங்கேயே போய்விட்டது.

கழற்றி வெடிமருந்தை எடுப்பது

காணொளி பார்த்து இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். மருந்தைக் கொட்டிவிட்டால் வெறும் கோது, அலங்காரப் பொருள் என்பது அவர்கள் எண்ணம். மருந்தை எடுத்தபின்னும் அடியிலுள்ள பிரைமர் உயிரோடுதான் இருக்கும். தட்டினால் வெடிக்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது அது, பழைய .303 பிரைமர்களில் தட்டினாலே வெடிக்கும் பாதரச ஃபல்மினேற்றும் இருந்தது.

முனையில் வர்ணம் பூசியிருந்தால் தொடவே கூடாது. பச்சை முனை என்றால் எஃகுத்துண்டு உள்ள சாதாரண ரவை என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது அமெரிக்க 5.56க்குச் சரி. சோவியத் வழியில் வந்த 7.62 ரவைகளில் பச்சை முனை ஒளிச்சுவடு காட்டும் ரவையைக் குறிக்கும். பின்பக்கத்தில் எரியும் கலவை இருக்கும். கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் துளைத்து எரிக்கும் வகை. ஒரே நிறத்துக்கு இரண்டு நாட்டில் இரண்டு பொருள் இருக்கும்போது, சமையலறை மேசையில் ஊகம் செய்வது புத்தியல்ல.

வெறும் கோது சட்டத்தின் கண்ணில் என்ன என்பதையும் உறவினரிடம் கேட்காமல் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

ஒப்படைப்பது

இனி அம்மாவின் பயத்துக்கு வருவோம். இதைச் சிரித்து ஒதுக்குகிறவர்கள் கொழும்பில் தமிழராக வாழ்ந்திருக்க மாட்டார்கள். சோதனைச் சாவடி, நள்ளிரவுத் தேடுதல், பொலிஸ் பதிவு எல்லாம் இந்த நகரத்து வீடுகளின் நினைவு. 2007 ஜூனில் விடுதிகளில் தங்கியிருந்த தமிழரைப் பேருந்துகளில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. நிறுத்தியது என்பதும் உண்மை, அனுப்பினார்கள் என்பதும் உண்மை. அப்படிப்பட்ட ஊரில் ரவையைப் பையில் போட்டுக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போ என்று யாராவது சொன்னால், நானும் போகமாட்டேன்.

ஏனென்றால் அதுவே பிழையான முறை. வழியில் ஒரு சோதனை நடந்தால், நீங்கள் ஒப்படைக்கப் போகிறவர் என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. ரவையை எடுத்துப் போகாதீர்கள். பொலிஸார் வந்து எடுக்கட்டும்.

அதிலும் இரண்டு வழி. பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழைப்பது வேகமானது. கிடைத்தது ஒரு ரவை அல்ல, கைக்குண்டு, மோட்டார் எறிகணை, விரலைவிடத் தடித்த எதுவாவது என்றால் வேறு யோசனையே வேண்டாம்: எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் உடனே 119. விசேட அதிரடிப்படையிலும் இராணுவத்திலும் குண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவுகள் இருக்கின்றன, அது அவர்கள் வேலை. ஒரு தனி ரவைக்கு அந்த அவசரம் இல்லை. அரை நாள் தாமதித்து ஒரு சட்டத்தரணியிடம் பேசலாம். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் தெரிந்தவர் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். கட்டணம் கொடுக்க வேண்டி வந்தாலும் அது வீண் செலவு அல்ல. அவர் பொறுப்பதிகாரியோடு முதலில் பேசி, எங்கே, யார் கண்டெடுத்தது, எப்போது என்று எழுத்தில் வைத்துவிட்டால், 'கைப்பற்றப்பட்டது' என்று பதிவாக வேண்டியது 'தாமாகவே அறிவித்தார்' என்று பதிவாகும். பின்னால் கேள்வி வந்தால் உங்களைக் காப்பாற்றுவது அந்த ஒரு வரிதான். அரை நாளை ஒரு மாதமாக இழுத்தால் அந்த வரியின் பலமும் போய்விடும்.

கிராம உத்தியோகத்தரிடம் முதலில் சொல்லலாமா என்று சிலர் கேட்கிறார்கள். குடும்பத்தை நன்றாகத் தெரிந்தவர் என்றால் சாட்சியாக உதவுவார். ஆனால் கொழும்பு அடுக்குமாடிகளில் அவரை வாக்காளர் இடாப்புக் காலத்தில் மட்டும் பார்த்தவர்கள்தான் அதிகம். அவர் எப்படியும் பொலிஸுக்குத்தான் சொல்வார்.

வீட்டில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். கண்ட இடத்திலேயே, கையாளாமல், ஓர் அடிக்கோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். அடிப்பக்கத்து எழுத்தும் இலக்கமும் தெரிந்தால் நல்லது. தெரியவில்லை என்று புரட்டாதீர்கள். பிள்ளைகள் போகாதபடி அந்த அறையைப் பூட்டுங்கள். படத்தை வட்ஸ்அப் குழுவில் போட்டு லண்டனிலும் டொரொன்டோவிலும் பட்டிமன்றம் நடத்த வேண்டாம். சட்டத்தரணிக்கு மட்டும் அனுப்புங்கள்.

வாக்குமூலம் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படும். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையைத் தருகிறது. நடைமுறையில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை காத்திருக்க வேண்டி வரலாம். காத்திருங்கள். வாசித்து விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டுப் புத்தகத்தின் பதிவு இலக்கத்தையும் திகதியையும் கேட்டு எழுதி வாங்குங்கள். யாரையாவது தடுத்து வைத்தால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

இன்னொரு வகை வீடு இருக்கிறது. அப்பாவிடமோ தாத்தாவிடமோ உரிமத்தோடு ஒரு துவக்கு இருந்து, அதற்குரிய ரவைகள் மிஞ்சிக் கிடப்பது. உரிமம் இருந்ததே என்ற துணிச்சலில் குடும்பங்கள் வருடக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகின்றன. உரிமம் அவர் பெயருக்குத்தான். துவக்கும் ரவையும் காணி, நகைபோல் பிள்ளைகளுக்கு இறங்குவதில்லை. இவர்களுடைய பாடு மற்றவர்களைவிட இலேசு, ஏனென்றால் ரவை எங்கிருந்து வந்தது என்பதற்குக் கடதாசி இருக்கிறது. பழைய உரிமப் புத்தகத்தையும் மரணச் சான்றிதழையும் தேடி எடுத்துச் சட்டத்தரணியின் மேசையில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.